கையெழுத்து விழாத சம்பளப் பட்டியல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய வட ஆர்க்காடு என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன்; இளைஞர்களுக்காக விரித்துச் சொல்கிறேன். நம் பக்கத்தில் இராணுவம் என்பது செய்தித்தாளில் மட்டும் படிக்கும் விஷயம் அன்று. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு சிப்பாயோ ஓய்வுபெற்ற ஹவில்தாரோ இருப்பார். வேலூர் லாங்கு பஜாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் அங்கிருக்கும் மணிக்கூண்டின் கல்வெட்டை ஒருமுறை நின்று படிக்கலாம். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது.

அந்த 277 பேருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு, மீதி எப்போது ஊர் வந்து சேர்ந்தது என்பதைக் கல்வெட்டு சொல்லாது. எனக்கோ முதலில் எழும் கேள்வி அதுதான். நான் இராணுவத்தில் துப்பாக்கி ஏந்தியதைவிடப் பேனா பிடித்த காலமே அதிகம். கம்பெனி எழுத்தராக இருந்து சம்பளப் பட்டியல் எழுதியவன். ஆகவே எந்த நாட்டின் போர் வரலாற்றைப் படித்தாலும் என் கண் சம்பளப் பட்டியலைத்தான் தேடும். அப்படித் தேடியபோது அகப்பட்டு, பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு காலாட்படை ரெஜிமெண்டைப் பற்றி இன்று பேச அழைத்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட 54-ஆம் மாசசூசெட்ஸ் ரெஜிமெண்ட் அது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860-61-ல் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளக் கூட்டாட்சியிலிருந்து பிரிந்தன. நான்கு ஆண்டுகள் போர் நடந்தது. 1863 ஜனவரி 1-ஆம் தேதி குடியரசுத் தலைவர் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், கறுப்பின மக்களைப் படையில் சேர்க்கவும் வழி திறந்தது. அந்த மாதமே மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ அனுமதி பெற்று, பாஸ்டனுக்கு அருகே ரெட்வில் என்னுமிடத்தில் ஆள் சேர்க்கத் தொடங்கினார். பல மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் பேசி ஆள் சேர்த்ததோடு, தம் மகன்களில் இருவரையும் அனுப்பினார். சிப்பாய்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். தளபதியான கர்னல் ராபர்ட் கோல்டு ஷாவுக்கு வயது 25.

சேரும்போது அவர்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற சிப்பாய்களுக்கு உள்ளது போலவே மாதம் 13 டாலர் சம்பளம், உடை தனி. 13 டாலர். இந்த எண்ணுக்கு மீண்டும் வருவேன்.

1863 மே 28-ஆம் தேதி பாஸ்டனில் கப்பலேறி, தென் கரோலினாக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஜூலை 16-ஆம் தேதி ஜேம்ஸ் தீவில் முதற்சண்டை. அதில் அவர்கள் காட்டிய உறுதியால்தான் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளையர் ரெஜிமெண்ட் சுற்றிவளைக்கப்படாமல் தப்பியது. அங்கிருந்து சரியான உணவும் உறக்கமும் இல்லாமல் மழையிலும் சேற்றிலும் நடந்து மோரிஸ் தீவுக்கு வந்தவர்களை, 18-ஆம் தேதி மாலையே வாக்னர் கோட்டையின் மீது பாய்வதற்கு முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

வானொலியில் வரைபடம் காட்ட முடியாது, சொல்லால் காட்டுகிறேன். அது நம் வேலூர்க் கோட்டையைப் போன்ற கருங்கல் கோட்டை அன்று. மணலும் மண்ணும் பனையினத்து மரத் துண்டுகளும் கொண்டு எழுப்பிய மேடு. பகல் முழுவதும் கடலிலிருந்து போர்க்கப்பல்களும் கரையிலிருந்து பீரங்கிகளும் குண்டு பொழிந்தும், மணல் அத்தனையையும் விழுங்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் பதுங்கறைகளில் பத்திரமாக இருந்தார்கள். கோட்டைக்குப் போகும் வழி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் சதுப்பும் நெருக்கும் ஒடுங்கிய மணற்பரப்பு. அந்தி வேளையில் சுமார் 600 பேர் அதன் வழியே ஓடினார்கள். மதில் மேல் ஏறிய ஷா அங்கேயே சுடப்பட்டு விழுந்தார். 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள். கொடி பிடித்தவர் விழுந்தபோது, வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த வில்லியம் கார்னி என்ற சார்ஜெண்ட் அதை எடுத்துக்கொண்டு மதில்வரை சென்று, பல காயங்களோடு அதைத் தரையில் சாயவிடாமல் திரும்பக் கொண்டுவந்தார். ஷாவின் உடலை எதிரிகள் அவருடைய சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். இழிவுபடுத்துவதாக எண்ணியே அப்படிச் செய்தார்கள். மகன் தன் ஆட்களோடு கிடப்பதே தகும், தோண்டி எடுக்க வேண்டாம் என்று அவருடைய தந்தை எழுதிவிட்டார்.

இந்த ரெஜிமெண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். என் பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாக்னர் கோட்டையில் அவர்கள் விழுவதற்கு முன்பே தலைநகரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. 1862-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இராணுவ முகாம்களில் மண் வெட்டவும் சுமை தூக்கவும் அமர்த்தப்படும் கறுப்பினத்தவரை மனத்தில் கொண்டு மாதம் 10 டாலர் என்றும், அதில் 3 டாலர் உடைக்கென்றும் நிர்ணயித்திருந்தது. போர்த்துறை 1863 ஜூன் மாதத்தில் அந்தச் சட்டமே கறுப்பினச் சிப்பாய்களுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. ஆக, 13 டாலர் என்று சேர்க்கப்பட்டவர்களுக்குக் கைக்கு வரும் பணம் 7 டாலர். இதில் இன்னொரு கொடுமை: பதவி உயர்வுக்கும் மதிப்பில்லை. வெள்ளையரில் சார்ஜெண்டுக்குச் சிப்பாயைவிடக் கூடுதல் சம்பளம் உண்டு. இங்கே கொடியைக் காத்த கார்னிக்கும் நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் ஒரே தொகை. அதிகாரி நிலையில் இருந்த, ரெஜிமெண்டின் கறுப்பினப் பாதிரியாருக்கும் அதே கூலிக் கணக்கைத்தான் நீட்டினார்கள்.

சம்பள அதிகாரி பணப்பெட்டியோடு வந்தார். ரெஜிமெண்ட் வாங்கவில்லை. அவர் மீண்டும் மீண்டும் வந்தார். ஒவ்வொரு முறையும் பெட்டி அப்படியே திரும்பியது. ஏறத்தாழ 18 மாதங்கள் அவர்கள் ஒரு காசும் வாங்கவில்லை. காவலுக்கு நின்றார்கள், பதுங்குகுழி தோண்டினார்கள், சண்டைக்குப் போனார்கள். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. பொறுமை தேய்ந்து கலகத்தின் விளிம்புக்குப் போன நாட்களும் உண்டு. ஆயினும் மறுப்பு கையெழுத்து அளவிலேயே நின்றது.

இதன் எடை சம்பளப் பட்டியல் எழுதியவனுக்கு நன்றாகவே தெரியும். என் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அணைக்கட்டுப் பக்கத்து இளைஞன் ஒருவன் என் கம்பெனியில் இருந்தான். ஒரு மாதம் அவன் சம்பளத்தில் கம்பளி ஒன்று தொலைந்ததாகப் பிடித்தம் விழுந்தது. தொகை அற்பம், இரண்டு நாள் தேநீர்ச் செலவு. “நான் தொலைக்கவில்லை சார், கையெழுத்துப் போட மாட்டேன்” என்றான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே வெறும் கட்டம். மேலதிகாரி என்னைக் கடிந்துகொண்டார். நான் அவனைக் கடிந்துகொண்டேன். அடுத்த மாதமும் அதே வெறும் கட்டம். வேர்க்கடலைக்குக் களையெடுத்த ஆட்களுக்குக் கூலி கொடுக்கவில்லை, மணியார்டர் ஏன் வரவில்லை என்று அவன் அம்மா யாரையோ கொண்டு எழுதிய கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டிய பிறகும் அவன் அசையவில்லை. காவல் பணிக்கு ஒரு நிமிடம் தாமதமாகவும் வரவில்லை. கடைசியில் பொருட்கிடங்குப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, ஒரே கம்பளி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. பிடித்தம் நீங்கியது. அன்று அவன் பட்டியலில் போட்ட கையெழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் நீண்டுவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

ஒருவன் இரண்டு மாதம் மறுத்ததற்கே அலுவலகம் அத்தனை பாடுபட்டது. ஒரு முழு ரெஜிமெண்ட் ஒன்றரை ஆண்டு மறுத்தது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் வீடு இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் வாடகை கொடுக்க வழியின்றி ஏழைகள் விடுதிக்குப் போனதாகக் கடிதங்கள் வந்தன. நிலைமையை அறிந்த மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1863 நவம்பரில், குறையும் தொகையை மாநிலமே கொடுக்கும் என்று சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஆட்கள் முகாமுக்கே வந்து இதைச் சொன்னார்கள். சிப்பாய்கள் நன்றி சொல்லி அதையும் மறுத்தார்கள். ஆளுநருக்கே இது வியப்பாக இருந்திருக்கும். எனக்கு வியப்பில்லை. மைய அரசின் பட்டியலில் கூலியாள் என்று எழுதப்பட்டு, மிச்சத்தை நல்லெண்ணமுள்ள மாநிலம் ஈடுசெய்தால், கணக்கு நேராகும், பதிவு நேராகாது. அவர்கள் கேட்டது பதிவைத் திருத்த வேண்டும் என்பதைத்தான்.

ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பொரல் 1863 செப்டம்பர் 28-ஆம் தேதி மோரிஸ் தீவு முகாமிலிருந்து நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்பதே அவருடைய கேள்வி. ஒரு சிப்பாயின் கடமையை நாங்கள் செய்திருக்கிறோம், சிப்பாயின் சம்பளம் ஏன் எங்களுக்கு இல்லை என்று பணிவாகவும் அசையாமலும் கேட்ட அந்தக் கடிதத்தில் கெஞ்சல் ஒரு வரியும் இல்லை. பிற்பாடு ஃபுளோரிடாப் போரில் பிடிபட்டு, 1864 ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் குடிங் இறந்தார். முழுச் சம்பளத்தை அவர் காணவே இல்லை.

எல்லா ரெஜிமெண்டுக்கும் இந்த மறுப்பு இவ்வாறே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசுப் படையின் இன்னொரு கறுப்பின ரெஜிமெண்டான 3-ஆம் தென் கரோலினாவின் சார்ஜெண்ட் வில்லியம் வாக்கர், இதே சம்பளக் குறைப்பை எதிர்த்துத் தம் கம்பெனியைத் தளபதியின் கூடாரத்துக்கு முன் அழைத்துச் சென்று ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்தார். இராணுவ நீதிமன்றம் அதைக் கலகம் என்றது. 1864 பிப்ரவரி 29-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சீருடையில் இருப்பவனுக்குக் குறையைச் சொல்லிக்கொள்ளும் வழி எவ்வளவு குறுகலானது என்பதை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவும் 1806 ஜூலை 10-ஆம் தேதி நம் கோட்டைக்குள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை நாம் அறிவோம். வாக்கருக்கும் 54-ஆம் ரெஜிமெண்டுக்கும் குறை ஒன்றே. ஒருவர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். மற்றவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். தண்டித்தவர்கள் பார்த்த வித்தியாசம் அவ்வளவே.

வாக்கர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, பிப்ரவரி 20 அன்று, ஃபுளோரிடாவில் ஒலஸ்டி என்னுமிடத்தில் அரசுப் படை தோற்றது. பின்வாங்கும் படைக்குக் காவலாக நின்றவர்களில் 54-ஆம் ரெஜிமெண்டும் ஒன்று. மாசசூசெட்சுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் ஜே என்று கத்திக்கொண்டே அவர்கள் சண்டையிட்டதாகச் சொல்வார்கள். வாங்காத சம்பளத்தையே போர்முழக்கமாக்கிய குறும்பு அது. சிப்பாய்களோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தக் குறும்பின் கசப்பும் தெரியும். பின்வாங்கும் வழியில், காயப்பட்டவர்களை ஏற்றியிருந்த இரயில் என்ஜின் பழுதாகி நின்றபோது, களைத்துப்போன இதே ரெஜிமெண்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கயிறு கட்டி என்ஜினையும் பெட்டிகளையும் சில மைல் தூரம் கையால் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மாதமும் அவர்கள் சம்பளம் வாங்கவில்லை.

1864 ஜூன் 15-ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றம் சமச் சம்பளச் சட்டத்தை இயற்றியது. அதிலும் ஒரு முடிச்சு. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பாக்கி. மற்றவர்களுக்கு 1864 ஜனவரி 1 முதல் மட்டும். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து சேர்ந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஷாவுக்குப் பின் தளபதியான கர்னல் எட்வர்டு ஹாலோவெல் ஓர் உறுதிமொழியைத் தயாரித்தார்: அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ எந்த மனிதனுக்கும் கூலியில்லாத உழைப்பைத் தரும் கடன் எனக்கு இருக்கவில்லை என்று ஆண்டவன் மேல் ஆணையாகச் சொல்ல வேண்டும். அடிமையாக இருந்தவனும் மனச்சாட்சி உறுத்தாமல் சொல்லக்கூடிய உறுதிமொழி. ஏனென்றால் அந்த உழைப்பை அவன் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை, அவனிடமிருந்து பறித்தார்கள். எழுத்தர் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் தலைவணங்கும் இராணுவ ஆவணம் இது ஒன்றே. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ரெஜிமெண்டுக்கு முழுப் பாக்கியும் வந்தது. முகாமில் பாட்டும் ஊர்வலமும் நடந்தன. பணம் வீடுகளுக்குப் போயிற்று.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். 1864 நவம்பரில் ஹனி ஹில் சண்டையையும், தென்படைத் தளபதி லீ சரணடைந்த பிறகும் 1865 ஏப்ரலில் பாய்கின் மில்லில் அவர்கள் போரிட நேர்ந்ததையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், இயலவில்லை. கார்னிக்கு நாட்டின் உயரிய வீரப்பதக்கம் 1900-ஆம் ஆண்டில்தான் வந்தது. ஸ்டீவன் ஸ்வெயில்ஸ் என்ற சார்ஜெண்டுக்கு ஆளுநர் லெப்டினன்ட் பதவி கொடுத்தும், கறுப்பினத்தவர் என்பதற்காகப் போர்த்துறை ஏற்க மறுத்து, 1865 ஜனவரியில்தான் ஒப்புக்கொண்டது. பின்னாளில் அவர் தென் கரோலினாவிலேயே குடியேறி, அம்மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். அவரைப் பற்றி மட்டுமே தனி உரை நிகழ்த்தலாம். நிலையத்தார் அழைத்தால் வருகிறேன். வணக்கம்.