பிடித்த வழியும் தன் வழியும்

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிமார்களே, வணக்கம்.

சாமிக்குப் பஞ்சமில்லாத சீமை நம்முடையது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, ராமேசுவரம் கோயிலுக்குள் 22 தீர்த்தத்தையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொள்ள வடக்கே இருந்தெல்லாம் ரயிலேறி வருகிறார்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே நவபாஷாணம், நவக்கிரகங்களாக வணங்கப்படும் ஒன்பது கற்கள். ஏர்வாடியில் தர்கா, ஓரியூரில் அருளானந்தர் தேவாலயம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை. இதில் எதையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஈரத்துணியோடு வெளியே வந்த பிறகு என்ன என்பதுதான் என் பேச்சு. தீர்த்தமாடிவிட்டு வந்த கையோடு ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குச் சண்டை போடுகிறவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில நேரம் நியாயம் அவர் பக்கமும் இருக்கும், அது வேறு.

ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. நம் ஊரிலேயே எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள் என்று கேட்டால் கை குறைவாகத்தான் தூக்குவீர்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருச்சியில் நாயக்க அரசரிடம் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் உதறிவிட்டு மௌனகுருவின் பின்னால் போய்விட வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. குருவோ, இப்போது வேண்டாம், இல்லறத்தில் இரு என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மனைவி, பிள்ளை என்று வாழ்ந்து, மனைவி காலமான பிறகுதான் துறவு.

இன்னொருவர் தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதர். குணங்குடி மஸ்தான் சாகிபு என்றால் எல்லோருக்கும் தெரியும். கீழக்கரையில் மார்க்கக் கல்வி படித்தவர். வீட்டில் பேசி வைத்த கல்யாணத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு, திருப்பரங்குன்றத்தில் தவமிருந்து, காடு மலையெல்லாம் திரிந்து, சென்னையில் போய் 1838-இல் அடங்கினார்.

ஒருவர் வீட்டுக்குத் திரும்பினார், இன்னொருவர் வீட்டை விட்டே போனார். ஆனால் இரண்டு பேருமே ‘பராபரமே’ என்று முடியும் கண்ணிகள் பாடியிருக்கிறார்கள். பராபரக்கண்ணி என்று இருவர் பாடல் தொகுப்பிலும் ஒரு பகுதி உண்டு. குடும்பம் தடை என்று வாதாடுகிறவர் மஸ்தானைக் காட்டுவார். இல்லறமே பெரிது என்கிறவர் தாயுமானவரைக் காட்டுவார். எனக்கு இந்த வழக்கிலேயே அக்கறையில்லை. தாயுமானவருக்குப் பிடித்த வழி அவருக்குக் கிடைக்கவில்லை. மஸ்தான் கேட்டது கிடைத்தது, ஆனால் அதற்கு உற்றார் உறவு முழுவதையும் விலையாகக் கொடுத்தார். தன் வழி வேறு, தனக்குப் பிடித்த வழி வேறு. இந்த வாரம் மூச்சுப்பயிற்சி முகாம், அடுத்த வாரம் செல்போனில் வேறொரு சாமியார் என்று மாற்றிக்கொண்டே போகிறவருக்கு எதுவும் சுடுவதில்லை. சுடாத இடத்தில் மனது தன் முகத்தைக் காட்டாது.

எங்கே காட்டும்? கடல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கரையில் கிடக்கும். முதல் வாரம் நல்ல தூக்கம். வலை பழுது பார்க்கிற வேலையும் முடிந்த பிறகு பாருங்கள். பழைய பங்குத் தகராறு நினைவுக்கு வரும், பெண்டாட்டி வைத்த குழம்பில் குற்றம் தெரியும், சாயங்காலம் கால் தானாகக் கடைப் பக்கம் போகும். கையில் வேலை இருந்தவரை இதெல்லாம் உள்ளேதான் இருந்தது. அந்த நேரம் ஒரு அரை மணி, எதையும் திருத்தப் போகாமல், வருவதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று தாயுமானவரே பாடியிருக்கிறார். யானையையும் கரடியையும் சிங்கத்தையும் வரிசையாகச் சொல்லி, அவற்றை வசப்படுத்துவதைவிட இது கடினம் என்கிறார். ஆகவே முதல் நாளே அமைதி வரவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மனது கலங்குவது எல்லாமே ஆன்மிகத் தேடல் ஆகிவிடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அப்புறம்தான் நாடே விழித்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்றைக்கு, மனநோய் தீர வேண்டித் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு இருக்கிறது. தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தியானம் சொல்லிக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தொழுகையும் பூசையும் கூடவே இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

சரி, ஒரு சீட்டு வந்திருக்கிறது. பாம்பனிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். ‘கருவாடு காயப்போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரையும் பார்க்கிறேன். நான் எப்போது உட்கார்வது?’

அக்கா, சிகாகோ போன விவேகானந்தர் 1897 ஜனவரியில் தாய்நாட்டில் கால் வைத்ததே உங்கள் பாம்பனில்தான். மறுநாள் ராமேசுவரம் கோயிலில் பேசினார். ஏழையிடமும் நலிந்தவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்கிறவரே உண்மையில் சிவனை வழிபடுகிறார் என்பது அந்தப் பேச்சின் சாரம். நீங்கள் தனியாக உட்கார வேண்டாம். மாமியாருக்குக் கஞ்சி ஊட்டும்போது உள்ளே எழுகிற எரிச்சலை மறைக்காமல் பாருங்கள். அது எங்கிருந்து வருகிறது, எப்போது அடங்குகிறது என்று பாருங்கள். அதுவே போதும். ஆனால் இதைச் சாக்காக வைத்து வீட்டு வேலை மொத்தத்தையும் உங்கள் தலையில் கட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தடைக்காலத்தில் வீட்டில் இருக்கிற அண்ணனிடம் ஒரு வேளைக் கஞ்சியைக் கொடுத்து உள்ளே அனுப்புங்கள். அவருக்கும் உள்ளே பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும்.