இஷ்யூயர் மட்டும் கொடுத்தால் போதுமா? லாகின் எஸ்டிகேயின் ஆட்டோ கான்ஃபிகரேஷன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நேராக ஸ்கிரீனுக்கே போய்விடலாம். பிரவுசரில் அக்கவுன்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம், ஸ்லாஷ், டாட் வெல்-நோன், ஸ்லாஷ், ஓப்பன்ஐடி-கான்ஃபிகரேஷன் என்று அடிக்கிறேன். பாஸ்வேர்ட் எதுவும் கேட்கவில்லை பாருங்கள், ஒரு ஜேசன், அதாவது பெயரும் மதிப்புமாக எழுதிய தகவல் பட்டியல், வந்துவிட்டது. லாகின் ஆனவர் யார் என்று கையொப்பமிட்ட டோக்கனை, அதாவது டிஜிட்டல் சீட்டை, கொடுக்கும் சர்வர்தான் இஷ்யூயர்; இங்கே அது கூகுள். ஆப்பில் லாகின் வசதியைச் சேர்க்கும் ரெடிமேட் லைப்ரரியான எஸ்டிகேயில் சர்வர் முகவரிகளில் இஷ்யூயரை மட்டும்தான் எழுதுகிறோம். மீதி முகவரிகளை அது இங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

கொஞ்சம் உள்ளே பாருங்கள். லாகின் பக்கம் அக்கவுன்ட்ஸ் டாட் கூகுள் டாட் காமில் இருக்கிறது. டோக்கன் வாங்கும் இடம் ஓஆத்2 டாட் கூகுள்ஏபிஐஸ் டாட் காம். பயனர் விவரத்துக்கு இன்னொரு ஹோஸ்ட், கையொப்பச் சாவிகளுக்கு வேறொன்று. இதையெல்லாம் கையால் கான்ஃபிக் ஃபைலில் எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதற்காகத்தான் 2014-லேயே ஓப்பன்ஐடி கனெக்ட் டிஸ்கவரி என்கிற தரநிலை வந்தது. 2018-ல் ஆர்எஃப்சி 8414 என்கிற இணையத் தரநிலை இதே வழக்கத்தை, ஆப்களுக்கு அனுமதி கொடுக்கும் பொதுவான ஓஆத் சர்வர்களுக்கும் கொண்டுவந்தது.

மற்ற முகவரிகள் கிடைப்பதைவிட எனக்குப் பிடித்தது, கையொப்பச் சாவிப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜேடபிள்யூகேஎஸ் யூஆர்ஐ என்கிற அந்த ஒரு வரிதான். டோக்கனில் கையெழுத்துப் போடும் சாவியை சர்வர் அவ்வப்போது மாற்றும். பழைய சாவியை புரோகிராம் கோடிலேயே ஒட்டி வைத்திருந்தால், மாற்றிய அன்று ஒருவராலும் உள்ளே வர முடியாது. நல்ல லைப்ரரி என்ன செய்யும்? டோக்கனில் இருக்கும் கிட், அதாவது சாவியின் ஐடி, தன்னிடம் இல்லையென்றால் சாவிப் பட்டியலை மறுபடி கேட்கும். அதற்காகக் குப்பை டோக்கன் வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் கேட்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டின் ஜோஸ் லைப்ரரியில் இதற்கு 30 விநாடி இடைவெளி இயல்பாகவே இருக்கிறது.

சரி, தானாக வராதவை எவை? உங்கள் ஆப்புக்கு அவர்கள் கொடுக்கும் கிளையன்ட் ஐடி வராது. லாகின் முடிந்ததும் பயனர் திரும்பி வரும் முகவரியான ரீடைரக்ட் யூஆர்ஐயையும் நீங்கள்தான் அவர்கள் கன்சோலில் பதிவு செய்ய வேண்டும். முக்கியமாக, இஷ்யூயர் யார் என்பதை நீங்களே எழுதி வைக்க வேண்டும். வந்த டோக்கனைப் பிரித்து, அதில் இருக்கும் இஷ்யூயரை எடுத்து, அங்கேயே போய் சாவி வாங்கிச் சரிபார்க்கும் புரோகிராமை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் நிற்பவரின் அடையாள அட்டை அசலா என்று விசாரிக்க, போன் நம்பரையும் அவரிடமே வாங்குவது மாதிரி அது.

அப்புறம் இஷ்யூயர் முகவரியின் கடைசியில் வரும் ஸ்லாஷ். நீங்கள் கொடுத்த இஷ்யூயரும் ஜேசனில் வரும் இஷ்யூயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆத்0 என்கிற லாகின் சேவை தன் இஷ்யூயரைக் கடைசியில் ஸ்லாஷோடு தருகிறது, கூகுள் ஸ்லாஷ் இல்லாமல் தருகிறது. 'இஷ்யூயர் மிஸ்மேட்ச்' என்று எரர் வந்தால் முதலில் அங்கே பாருங்கள். எரர் தொல்லை என்று அந்தச் சோதனையையே ஆஃப் செய்துவிடாதீர்கள்.

பல நிறுவனங்களின் பயனர்களுக்கும் பொதுவான மைக்ரோசாஃப்டின் காமன் முகவரி மட்டும் தனிக் கதை. அங்கே ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் ஒரு டெனன்ட். அந்த ஜேசனில் இஷ்யூயருக்குள் டெனன்ட்ஐடி என்று அடைப்புக்குறிக்குள் ஒரு காலி இடம் வரும். அதனால் கறாரான லைப்ரரி அங்கேயே நின்றுவிடும். உங்கள் ஆப் ஒரே நிறுவனத்துக்கு என்றால் காமனை விட்டுவிட்டு அவர்கள் டெனன்ட் ஐடியைப் போட்ட முகவரியைக் கொடுங்கள், வேலை முடிந்தது. பல நிறுவனங்களுக்கு என்றால், எந்தெந்த டெனன்டை உள்ளே விடுவது என்ற பட்டியலை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.