பர்லியார் வாடை

வணக்கம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் போனவர்களுக்கு ஒரு வாடை பழக்கமாக இருக்கும். பர்லியார் நெருங்கும்போது மூக்கில் ஏறும், ஏதோ கருகுகிற மாதிரி. பக்கத்து சீட்டுக்காரர் "பிரேக் லைனிங்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போவார். இன்று அந்த வாடையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். "அழியாதுன்னா எங்கப்பா எதுக்கு சார் தினமும் டீசல் போடறாரு?" என்று கேட்டான். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

அவனுக்கான பதிலை மலைப்பாதையிலேயே தேடலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,200 மீட்டர். ஆட்களோடு 10 டன் எடையுள்ள ஒரு பேருந்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கக் குறைந்தது 51 யூனிட் ஆற்றல் வேண்டும். வீட்டு மின்சார மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மிச்சம் ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் சூடாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் உயரம் ஏறுவதற்கு மட்டுமே சுமார் 15 லிட்டர்.

சரி, ஏறியாயிற்று. அந்த 51 யூனிட் இப்போது உயரமாகப் பேருந்திடம் இருக்கிறது. இறங்கும்போது அதை எங்காவது கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பறக்கும். 51 யூனிட் என்பது 500 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. அத்தனையையும் பிரேக் டிரம்மிலேயே இறக்கினால் லைனிங் கருகும், கடைசியில் பிடிக்கவே பிடிக்காது. "ஏறுன கியர்லயே இறங்கு" என்று நம் ஓட்டுநர்கள் சொல்வது அதனால்தான். கியர் பிடித்து இறங்கினாலும் ஆற்றல் ஒன்றும் மிச்சமாகாது. பிரேக்குக்குப் போக வேண்டிய சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக் காற்றில் விடுகிறது, அவ்வளவுதான். ஒருமுறை சமவெளியிலிருந்து வந்த என் மச்சான், மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, பர்லியாரில் சக்கரம் புகைய நிறுத்தினார். வாளித் தண்ணீரோடு ஓடியவரை டீக்கடைக்காரர்தான் தடுத்தார்: "ஊத்தாதீங்க சார், விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்." இயற்பியல் வாத்தியார் நான் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதே மலையில் வீணாகாத இறக்கமும் ஒன்று உண்டு. பைக்காரா ஆற்றுத் தண்ணீர் கிளன்மார்கனிலிருந்து சிங்காராவுக்குக் குழாய்க்குள் 3,000 அடிக்கு மேல் இறங்குகிறது. 1932 முதல் அந்த இறக்கம் மின்சாரமாகிக்கொண்டிருக்கிறது. அங்கே 400, 450 லிட்டர் தண்ணீர் இறங்கினால் ஒரு யூனிட்.

குழாயும் டர்பைனும் இல்லாமல் சும்மா விழுகிற தண்ணீர்? கோத்தகிரி பக்கத்து கேத்தரின் அருவி சுமார் 250 அடி. விழுந்த தண்ணீர் அடியில் சிதறிக் கலங்கி, கொஞ்சம் சூடேறும். கணக்குப்படி ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதையும் சாரலும் காற்றும் கலைத்துவிடும். இந்தச் சூட்டை அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் பீர் காய்ச்சும் குடும்பத்துக்காரர். 1847-இல் கல்யாணமான கையோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போனவர், அருவியின் சூட்டை அளக்கக் கையில் தெர்மாமீட்டரோடு திரிந்தார் என்று அவருடைய நண்பர் கெல்வின் எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மா என்ன நினைத்தாரோ!

அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். உங்கப்பா போட்ட டீசல் அழியவில்லை தம்பி, சிந்திவிட்டது. மூட்டையில் இருந்த கடுகை மலைப்பாதை நெடுக இறைத்த மாதிரி. ஒரு கடுகும் குறையவில்லை, ஆனால் அள்ளித் தாளிக்க முடியாது. டீசலில் மூட்டையாக இருந்த ஆற்றல் காற்றில் இளஞ்சூடாகப் பரவிவிட்டது. அந்தச் சூட்டைத் திரட்டித் திரும்ப வண்டி ஓட்ட வேண்டுமானால், அதிலிருந்து திரும்பக் கிடைப்பதைவிட அதிக ஆற்றலைத் திரட்டுவதற்கே செலவழிக்க வேண்டும். மின்சார வண்டிகள் இறங்கும்போது பேட்டரிக்குள் கொஞ்சம் திருப்பி எடுப்பதெல்லாம் சிந்துவதற்கு முன்னால்தான்.

அப்புறம் அந்தச் சூடு எங்கே போகும்? டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி. முந்தின இரவு மேகமும் இருந்திருக்காது, காற்றும் இருந்திருக்காது. மேகம் ஒரு கம்பளி மாதிரி. அது விலகினால், பகலில் வாங்கிய சூட்டைத் தரை கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். வெயிலில் வந்ததும், டீசலில் வந்ததும், அடுப்பில் வந்ததும் எல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. பர்லியாரில் என் மச்சானின் சக்கரம் விட்ட சூடும் இதற்குள் பூமியை விட்டு வெகுதூரம் போயிருக்கும்.

வணக்கம்.