மழை வரும் மாதம்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளி விட்டதும் புத்தகப் பையோடு நேராக இங்கே வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

உலகத்தின் பல்லுயிர்த் தொகுதிகளை, அதாவது தட்பவெப்பத்துக்கு ஏற்ப அமைந்த பெரிய இயற்கைப் பகுதிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், ஊசியிலைக் காடு, தூந்திரா என்று நிறம் பிரித்த உலக வரைபடத்தை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இந்த நிறம் இங்கே ஏன் வந்தது என்று கேட்டால், "மழை அதிகம், மழை குறைவு" என்று பதில் வரும். அது பாதிப் பதில்தான். அந்த மழை எந்த மாதத்தில் வருகிறது, வரும்போது வெயில் எப்படி இருக்கிறது என்பதில்தான் மீதிப் பதில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் சுமார் 600 மில்லிமீட்டர்தான். நம்மில் பாதிகூட இல்லை! ஆனால் அங்கே புல் காய்வது அபூர்வம். அந்த மழை பன்னிரண்டு மாதமும் தூறலாகப் பிரிந்து விழுகிறது. வெயில் குறைவு என்பதால் விழுந்த நீர் மண்ணிலேயே தங்குகிறது. நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வியாசர்பாடியில் முழங்கால் அளவு வெள்ளம் நின்ற அதே தெருவில், சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிரபுஞ்சியிலும் குளிர்காலத்தில் குடிநீருக்கு அலைகிறார்கள் என்றால், அளவை மட்டும் வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

இதைவிட வியப்பான ஒன்று வடதுருவத்தை ஒட்டிய தூந்திராவில் இருக்கிறது. மழையும் பனியும் சேர்ந்து அங்கே கிடைக்கும் நீர், பல இடங்களில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. கணக்குப்படி பாலைவனம். ஆனால் கோடையில் போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை குட்டையும் சதுப்பும்தான். மேல்மண் சில அடி ஆழம்வரை உருகுகிறது. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். நீர் கீழே இறங்கவும் வழியில்லை, மேலே ஆவியாகப் போகவும் போதிய வெப்பம் இல்லை. மரம் வேர்விட முடியாத அந்த மண்ணில் பாசியும் கற்பாசியும் குட்டைச் செடிகளும் வளர்கின்றன. கற்பாசியைத் தின்று துருவமான் பிழைக்கிறது. சூரியன் மறையாத அந்த சில வாரங்களில் கொசுவும் பூச்சியும் கோடிக்கணக்கில் பிறக்கின்றன.

அந்தப் பூச்சிகளை உண்டு வளரும் ஒரு குஞ்சைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொசு உள்ளான் என்ற பறவை. எடை முப்பது கிராம் அளவுதான். சைபீரியாவின் தூந்திராவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்குமுன் கிளம்பி, ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் பறந்து பழவேற்காட்டுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வருகிறது. நீர் வடிந்த சேற்றில் குடுகுடுவென ஓடி ஓடிக் கொத்துவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தூந்திரா நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று இனி நினைக்காதீர்கள்.

தூந்திராவுக்குத் தெற்கே, ரஷ்யாவிலிருந்து கனடாவரை ஊசியிலைக் காடு. நிலத்தில் உள்ள பல்லுயிர்த் தொகுதிகளில் இதுவே மிகப் பெரியது. அந்தக் காட்டில் உள்ள வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 67 டிகிரிவரை பதிவாகியிருக்கிறது. அதே ஊரில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி! நம் சித்திரை வெயில் துருவ வட்டத்துக்கு அருகே அடித்திருக்கிறது. உறைமண் உருகினால் என்ன ஆகும் என்ற கவலை அறிஞர்களுக்கு மட்டும் உரியதல்ல.

மழைக்காட்டையும் பாலைவனத்தையும் நான் சேர்த்தே சொல்வேன். இரண்டையும் ஒரே காற்றுதான் செய்கிறது. நிலநடுக்கோட்டில் சூடேறிய ஈரக்காற்று மேலே எழுந்து குளிர்ந்து, அமேசானிலும் காங்கோவிலும் மழையாகக் கொட்டுகிறது. ஈரம் இழந்த அதே காற்று, வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 30 பாகை அட்சக்கோட்டுக்கு அருகில் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறி, மேகம் சேரவிடாமல் செய்கிறது. சகாராவும் அரேபியப் பாலையும் அப்படி உண்டானவை. சாட் நாட்டில் வற்றிப்போன ஓர் ஏரிப்படுகையிலிருந்து எழும் புழுதி அட்லான்டிக் பெருங்கடலைத் தாண்டிப் போய், சத்துக் குறைந்த அமேசான் மண்ணுக்குப் பாஸ்பரஸ் உரமாகிறது. காடு தந்தது மழை. பாலை திருப்பித் தருவது உரம்.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் மழைக்குப் பின் நீண்ட வறட்சி, பிறகு தீ. புல்லின் குருத்து தரையோடு தரையாக இருப்பதால் எரிந்தாலும் மேய்ந்தாலும் மீண்டும் தழைக்கும். அந்தப் புல்லைத் தேடி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் விலங்குகள் செரங்கெட்டியில் மழையின் பின்னாலேயே நடக்கின்றன. இதை அறியாத வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரிப் புல்வெளியைப் பார்த்து வெறும் பொட்டல் என்று எண்ணி, வாட்டில் எனப்படும் சீகை மரத்தை நட்டார்கள். வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. எல்லா இடத்திலும் மரம் நடுவது நல்லதே என்ற எண்ணம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது.

சரி, நம் காடு எது? இந்தக் கடற்கரைக்கென்று ஒரு காடு உண்டு: உலர் பசுமைமாறாக் காடு. பாலை, வீரை, காயா போன்ற மரங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயர்வது அரிது. ஆண்டுச் சம்பளத்தை மூன்று மாதத்தில் வாங்கிக்கொண்டு மீதி ஒன்பது மாதம் குடும்பம் நடத்துகிற நிலை அவற்றுக்கு. அதனால் இலை சிறியது, தடிப்பானது, மெழுகு பூசியது போல வழவழப்பானது. வைகாசி வெயிலிலும் அதை உதிர்ப்பதில்லை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இந்தக் காடு இன்னும் நன்றாக இருக்கிறது. மற்ற இடங்களில் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது.

கழிமுகத்தில் அலையாத்தி எனும் கண்டல் காடு. உறைபனி விழும் நாட்டில் அது வளராது. வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். பொடி உப்பு மின்னும். நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் குடித்த உப்பை இலை வெளியே தள்ளுகிறது. சேற்றில் காற்றில்லை என்பதால் விரல் நீளத்துக்கு மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் நுண்துளைகள் வழியே மரம் சுவாசிக்கிறது. அந்த வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, படகும் வலையும் கூழைக்கடாக்களின் சிறகும் கறுத்ததைப் பார்த்தோம். அந்த மூச்சுவேர்களின் மீதும் அதே எண்ணெய் படிந்தது. அதற்கு முன்பிருந்தே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகத்தின் ஆழம் குறைந்துகொண்டிருக்கிறது. ஆழம் குறைந்தால் கடலின் ஓதநீர் ஏறி இறங்கும் இடமும் குறையும்.

ஆகவே, கண்டல் நட விரும்பும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கன்று வாங்குமுன், நடப்போகும் இடத்தில் ஓதம் எதுவரை ஏறுகிறது என்று அந்தக் குப்பத்து மீனவப் பெரியவர்களிடம் கேளுங்கள். நீர் வராத இடத்தில் நட்டால் கன்று கருகிவிடும். அங்கே முதல் வேலை அடைபட்ட வாய்க்காலைத் திறப்பதுதான். உள்ளான்கள் இரை தேடும் திறந்த சேற்றுத் திடலைக் காலி இடம் என்று எண்ணி அதன்மேல் நடாதீர்கள். வீட்டுப் பக்கம் நிழல் வேண்டுமென்றால் பாலை, வீரைக் கன்றுகளைக் கேட்டு வாங்குங்கள். மெதுவாகத்தான் வளரும். மழை தொடங்கும் புரட்டாசி கடைசியில் நடுங்கள்.

நன்றி, வணக்கம்.