ஒரு நாள் மருத்துவமனையில், இருபது நாள் வீட்டில்

அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் பலவற்றை 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுகிறோம். அந்த 21 நாளில் நோயாளி நம் கண் முன்னால் இருப்பது ஒரு நாள். மீதி 20 நாளும் வீட்டில். மருந்து ஏறும்போது நர்ஸ் பக்கத்தில் நிற்கிறார், டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். ஆனால் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வாந்தியும் பயமும் பெரும்பாலும் அந்த 20 நாளில்தான் வருகின்றன. நோயாளி ஆதரவுச் சேவை என்று நாம் சொல்வது அந்த நாட்களுக்கான சிகிச்சை. பணமும் இடமும் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைக் கடைசியில் தள்ளும் நிர்வாகங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

காய்ச்சலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உயிரைப் பறிப்பது அதுதான். கீமோ ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே இறங்கும். தொற்றோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால் ஆபத்து கடுமையாகிறது. சீழ் பிடிக்கவும் வீங்கவும்கூட இந்த அணுக்கள் வேண்டும். அவை இல்லாதபோது தொற்று உள்ளே பரவினாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றே அடையாளம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் அதைத் தொட்டால், விடிந்ததும் போகலாம் என்று இருக்கக் கூடாது. காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுவது போலக் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான்.

இதில் தவறு இரண்டு இடத்தில் நடக்கிறது. வீட்டில் அக்கறையோடு ஒரு பாரசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். சூடு இறங்கும், தொற்று இறங்காது; மறுநாள் இரத்த அழுத்தம் விழுந்த நிலையில் தூக்கி வருவார்கள். முதலில் சூட்டை அளந்து, எங்களை அழைத்துவிட்டுத்தான் மாத்திரை. இன்னொரு தவறு நம் பக்கம். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு இவர் கீமோ நோயாளி என்று தெரியாமல், மற்ற காய்ச்சல்காரர்களோடு வரிசையில் உட்கார வைத்துவிடுவார். வாசலைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டியவர் அவர். அதனால்தான் மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, அழைக்க வேண்டிய எண் மூன்றும் எழுதிய அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருக்கச் சொல்கிறோம். நுழைந்ததும் நீட்ட வேண்டியது அந்த அட்டை.

வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, நாளைக்கு நான்கைந்து முறையாவது கொப்பளித்துத் துப்ப வேண்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், புண்ணை எரிக்கும். வாந்தி மாத்திரையை டாக்டர் குறித்த நேரத்தில் போட வேண்டும். வாந்தி வந்த பிறகு தேடினால் அது வயிற்றில் தங்காது.

கதிர்வீச்சு சிகிச்சையில் கவனம் வேறு. வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம் தொடர்ந்து வர வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை இடையில் நின்று நீளும்போது, எஞ்சிய புற்றணுக்கள் வேகமாகப் பெருகி, நோய் கட்டுப்படும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறைகிறது. நோயாளி ஏன் வராமல் போகிறார்? வண்டி இல்லை, விழுங்க முடியாமல் எடை குறைந்துவிட்டது, துணைக்கு ஆள் இல்லை. ஆக, வண்டி ஏற்பாடு செய்யும் சமூகப் பணியாளரும், எடையை வாரந்தோறும் பார்க்கும் உணவியல் நிபுணரும் கதிர்வீச்சு சிகிச்சையின் பங்காளிகள்.

இதை உணர்ந்து செய்தவர் ஹரோல்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர். 1990இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஏழை நோயாளிகளுக்குக் கூடவே இருந்து வழிகாட்ட ஆட்களை அமர்த்தினார். பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே யார் தொலைந்துபோகிறார்கள் என்று தேடிப் பிடிப்பதே அவர்கள் வேலை. புற்றுநோய் மையங்களில் இன்று இருக்கும் வழிகாட்டிப் பணியாளர் முறை அங்கிருந்து பரவியது.

அடுத்து வலி. மார்ஃபின் என்றதும் வீட்டில் முகம் இருண்டுவிடுகிறது: கடைசிக் கட்டமா, அடிமையாகிவிடுவாரா என்று. மார்ஃபின் வலியின் அளவுக்குக் கொடுக்கும் மருந்து, நாள் எண்ணும் மருந்து இல்லை. புற்றுவலிக்கு மருத்துவர் அளந்து, கவனித்துக் கொடுக்கும்போது அடிமைப்படுவது அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல். ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60. இடையில் வலி குத்தினால் கூடுதலாகத் தரும் அளவு மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 10. அந்தக் கூடுதல் மாத்திரை தினமும் மூன்று நான்கு முறை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை. எழுதி வைத்து எங்களிடம் காட்டுங்கள், அளவை நாங்கள் மாற்றுகிறோம். ஆரம்பத்தில் வரும் குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. முதல் மார்ஃபின் மாத்திரையோடு மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு, வயிறு உப்பி, நோயாளியே மார்ஃபினை நிறுத்திவிட்டு வலியில் கிடப்பதுதான் நாம் பார்க்கும் மிகச் சாதாரணமான, மிக அநியாயமான தவறு. சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தின் எச்சங்கள் உடலில் தேங்கும். மயக்கமோ, கை கால் துள்ளலோ தெரிந்தால் உடனே அழையுங்கள்.

புதிதாக முதுகுவலி, கூடவே கால் தளர்ச்சி, சிறுநீர் போவதில் தடை என்றால் தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டியது. நடை போன பிறகு வந்தால் மீட்பது கடினம்.

வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த் தணிப்பு சிகிச்சையைக் கடைசியில்தான் கூப்பிட வேண்டும் என்ற எண்ணத்தை 2010இல் வெளியான ஓர் ஆய்வு உடைத்தது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளில், தொடக்கத்திலேயே நோய்த் தணிப்புக் குழுவையும் பார்த்தவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, இடைநிலை ஆயுளில் (நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடு இருக்கும் காலம்) சுமார் மூன்று மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

மன உளைச்சலையும் அளக்கிறோம். 0 முதல் 10 வரை ஒரு அளவுகோல்; 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஆலோசகர் பேச வேண்டும். பராமரிப்பவரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இரவில் விழித்திருப்பவர் அவர்தானே.

முதல் கீமோ முடிந்து கிளம்பும்போது எண்ணை வாங்கினால் மட்டும் போதாது. மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே அந்த எண்ணுக்கு ஒருமுறை அழையுங்கள். யார் எடுக்கிறார், இரவு இரண்டு மணிக்கும் இவரே எடுப்பாரா என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அங்கேயே திரும்பி வந்து எங்களிடம் சொல்லுங்கள்.