ஒரு சாண் இடத்தில் 120 கோடி ஆண்டுகள் மாயம்! கிராண்ட் கேன்யன் அடியில் என்ன நடந்தது?

வணக்கம் மக்களே! கட்டைவிரலைக் கீழ்ப் பாறையிலும் நடுவிரலை மேல் பாறையிலும் வைத்தால், நடுவில் 120 கோடி ஆண்டுகளைக் காணோம். அப்படி ஒரு இடம் நிஜமாகவே இருக்கிறது. வியூஸுக்காக அடித்துவிடுகிறேன் என்று நினைத்தால் இரண்டு நிமிடம் பொறுங்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பெரும் பள்ளத்தாக்குதான் கிராண்ட் கேன்யன். நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் சில இடங்களில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். மேட்டுநிலம் உயர்ந்தது, கொலராடோ ஆறு மணலையும் கல்லையும் உருட்டிக்கொண்டு 50, 60 லட்சம் ஆண்டுகளில் அதை அறுத்துவிட்டது. இதை எல்லா சேனலும் சொல்லிவிட்டது, விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆற்றை ஒட்டிக் கறுப்பாக, முறுக்கிப் பிழிந்ததுபோல நிற்கும் பாறைக்குப் பெயர் விஷ்ணு சிஸ்ட். ஆமாம், நம்ம விஷ்ணுதான், பக்கத்துச் சிகரங்களில் பிரம்மாவும் சிவனும்கூட இருக்கிறார்கள்! வயது சுமார் 175 கோடி ஆண்டுகள், பழைய மலைத்தொடர் ஒன்றின் அடியாழத்தில் வெந்து அழுந்தி உருவான பாறை. அதன் தலைமேலேயே டாபீட்ஸ் என்ற மணற்கல் படுக்கையாக உட்கார்ந்திருக்கிறது, அதற்கு வயது வெறும் 50 கோடிதான். நேற்று சீரியலில் ஹீரோயினுக்குக் கல்யாணம் நடந்தது, இன்று டிவியைப் போட்டால் அவள் பேத்திக்கு வளைகாப்பு, நடுவில் என்ன ஆனது என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அந்தக் கதைதான் இது.

பிளாக்டெயில் என்ற குறுகலான கிளைப் பள்ளத்தாக்கில் இந்த இரண்டு பாறைகளும் சேரும் கோடு கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓடுகிறது. கீழே அப்ரகம் மினுங்கும் சிஸ்ட், மேலே சொரசொரவென்று மணற்கல், அதில் பதிந்த வெள்ளைக் கூழாங்கற்கள். போரில் ஒரு கையை இழந்த புவியியல் ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1869இல் மரப்படகில் இந்த ஆற்றில் இறங்கி வந்தபோதே இந்த இடைவெளியைக் கவனித்துவிட்டார். என்னைக் கேட்டால், மேலே நின்று செல்ஃபி எடுப்பதைவிட இந்தக் கோட்டைத் தொடுவதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் ஒரு குட்டித் தகவல்: கிராண்ட் கேன்யனின் பிரபலமான சிவப்புச் சுவர், ரெட்வால், உண்மையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். மேல் அடுக்குகளிலிருந்து வழிந்த இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு!

காணாமல் போன பாறை எங்கே? வேறு சில இடங்களில் அதன் சாய்ந்த துண்டுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன, ஆக பாறை இருந்தது, பிறகு அரித்துப் போனது. அரித்தது பூமியையே மூடிய பனிப்பாறைகள் என்கிறது ஒரு தரப்பு, பழைய பெருங்கண்டம் சேர்ந்து உடைந்ததில் நிலம் உயர்ந்து தேய்ந்தது என்கிறது இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது கட்சி. நீங்கள் எந்தப் பக்கம், கமென்ட்டில் சண்டை போடுங்கள்!