மாணவனின் ஏட்டில் பிழைத்த பாடம்

[திரையில்: வியன்னா, 1454. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு கை வேகமாக எழுதுகிறது.]

எழுதுகிறவருக்கு வயது பதினெட்டு. ரெகியோமொண்டானஸ் என்ற பெயரில் பின்னாளில் ஐரோப்பாவே கொண்டாடிய கணிதர். நம் கதை அவருக்குப் பாடம் சொன்னவரைப் பற்றியது: ஜார்ஜ் போயர்பாக், வயது 31.

வியன்னா பல்கலைக்கழகத்தில் போயர்பாக் நடத்தியது பெரும்பாலும் வர்ஜில், ஹோரஸ் போன்றோரின் லத்தீன் கவிதை! கோள்களைப் பற்றிய பாடத்தை வியன்னா நகரப் பள்ளி ஒன்றில்தான் சொன்னார். அதுதான் மாணவரின் ஏட்டில் ஏறி, பிறகு ‘கோள்களின் புதிய கோட்பாடுகள்’ என்ற நூலாக அச்சேறியது.

[திரையில்: ஓட்டுக்குள் ஓடாகச் சுழலும் கோளங்கள்.]

புதிய என்ற சொல்லைக் கண்டு ஏமாற வேண்டாம். பூமி நடுவில் அசையாமல்தான் நிற்கிறது. ஆனால் நறுக்கிய வெங்காயம்போல, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோளங்களை வரைந்து, ஒவ்வொரு கோளும் எங்கே, எப்படி ஓடுகிறது என்று கண்ணுக்குக் காட்டினார். எல்லாக் கோள்களின் ஓட்டத்திலும் சூரியனுக்கு ஏதோ பங்கிருக்கிறது என்றும் போகிற போக்கில் சொல்லிவைத்தார்.

1457 செப்டம்பர் 3, சந்திர கிரகணம். ஆசிரியரும் மாணவரும் மெல்க் என்ற ஊரிலிருந்து பார்த்தார்கள். வான நிகழ்வுகளைக் கணிக்க ஊரெல்லாம் நம்பியிருந்த அல்ஃபோன்சோ அட்டவணைக்கும் வானத்துக்கும் 8 நிமிட வித்தியாசம். நமக்கு அது ஒரு தேநீர் நேரம்; அவர்களுக்குத் தூக்கம் கெடும் விஷயம். போயர்பாக் கிரகணங்களுக்குத் தனி அட்டவணையே தயாரித்தார்.

1460-இல் வியன்னா வந்த கர்தினால் பெஸ்ஸாரியோன், பண்டைய வானியலாளர் தாலமியின் ‘அல்மஜெஸ்ட்’ என்ற வானியல் நூலைச் சுருக்கித் தரச் சொன்னார். பதின்மூன்று பாகங்களில் ஆறு முடிந்தபோது, 1461 ஏப்ரல் 8 அன்று போயர்பாக் இறந்துபோனார். முப்பத்தெட்டு வயதுகூட ஆகவில்லை. மீதியை முடிக்கும் பொறுப்பு மாணவர் தலையில் விழுந்தது. முடித்தார்.

[திரையில்: வெனிஸ், 1496. அச்சு இயந்திரம்.]

அந்தச் சுருக்க நூல் அச்சானபோது மாணவரும் உயிரோடு இல்லை. தாலமியின் கணக்கு சரியென்றால் நிலா சில சமயம் நான்கு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டுமே என்று அதில் ஓர் இடத்தில் கேள்வி வருகிறது. அப்படியொரு நிலாவை யார் பார்த்தார்கள்?

அதே 1496-இல் சட்டம் படிக்க இத்தாலியின் போலோன்யாவுக்கு வந்த இளைஞர் ஒருவர், அடுத்த ஆண்டு மார்ச் 9 இரவு, ரோகிணி நட்சத்திரத்தை நிலா மறைப்பதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். அவர் பெயர் கோப்பர்நிக்கஸ்.